தொண்டைமானுக்குக் கிடைக்காத கடல்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களில் பலரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை என்று விரல் மடக்கிக்கொண்டே போவார்கள். ஐந்தாவது விரல் மடங்குவதற்குள் பேச்சு செட்டிநாட்டுப் பக்கம் திரும்பிவிடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதோடு சேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரையும் வந்தது. மன்னருக்குக் கிடைக்காத கடல் கலெக்டருக்குக் கிடைத்தது.

அந்தக் கடலைப் பார்க்கக் கிளம்பியதற்குக் காரணம் கரீபியன். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களில் சிலர் இப்போது பகாமாஸ், ஜமைக்கா பக்கம் போவதைவிட, பெயரே கேள்விப்படாத தீவுகளைத் தேடிப் போகிறார்களாம். கூட்டமில்லாத தீவு, ஆள்படாத கரை என்று படம் போட்டு ஆசை காட்டுகிறார்கள். சாபா என்றொரு தீவு; 13 சதுர கிலோமீட்டர்தான், மொத்தமும் ஓர் எரிமலை, நிரந்தரமான மணற்கரை என்று ஒன்று கிடையாது. அனகாடா என்று இன்னொன்று. பவளப்பாறை மேல் கிடக்கும் தட்டையான பூமி, உயரமான மேடே எட்டு மீட்டர்தான். பார்புடாவில் இளஞ்சிவப்பு மணல். நம் ஊரிலிருந்து போவதென்றால் இரண்டு மூன்று விமானம் மாறி, விசாவுக்கு அலைந்து, நிலத்தை விற்றுத்தான் போக வேண்டும்.

ஆனால் அந்தத் தீவுகளில் அவர்கள் தேடுவது என்ன என்று பார்த்தால், கூட்டமில்லாத கரை, ஆழமில்லாத கடல், அன்றன்றைக்குப் பிடித்த மீன், அலையாத்திக் காட்டுக்குள் ஒரு படகு. இத்தனையும் அறந்தாங்கியிலிருந்து பஸ் போகிற தூரத்தில் இருக்கின்றன. அறந்தாங்கி நண்பர் ஒருவர் தன் பைக்கைக் கொடுத்தார். பெட்ரோல் மட்டும் என் செலவு.

அறந்தாங்கியிலிருந்து கிழக்கே போனால் கட்டுமாவடி. தஞ்சை மாவட்டம் முடிந்து புதுக்கோட்டைக் கடற்கரை தொடங்கும் ஊர். மீன் மார்க்கெட்டால் பெயர் பெற்றது. காலையில் போனால் சாலையோரம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. திருச்சி வண்டி, மதுரை வண்டி, கேரளப் பதிவெண் போட்ட லாரி. ஐஸ் உடைக்கிற சத்தம் நிற்பதே இல்லை. காரல், சூடை, நகரை, கிழங்கான், திருக்கை என்று கூடை கூடையாக இருக்க, கொடுவாவுக்கு மட்டும் தனி மரியாதை. அதைத் தரையில் போடுவதில்லை, பலகையில் கிடத்துகிறார்கள்.

மார்க்கெட்டைத் தாண்டி நடந்தால் கடல். முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், சொல்லிவிடுகிறேன். மெரினாவையோ கன்னியாகுமரியையோ மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் இது கடல் என்றே தோன்றாது. கண்மாய்த் தண்ணீர்போல அசையாமல் கிடக்கிறது. அலை என்று சொல்ல ஒரு சாண் உயரம்கூட எழும்புவதில்லை. கரை பல இடங்களில் மணல் பாதி, சேறு பாதி. குளிக்க எந்தப் பக்கம் போகலாம் என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

“குளிக்கவாண்ணே? இடுப்பளவு தண்ணி வேணும்னா அரை மைல் உள்ள நடக்கணும். அதுக்கு நீங்க பஸ் ஸ்டாண்டு பம்புலயே குளிச்சிட்டுப் போயிறலாம்.”

இதுதான் பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் ஒட்டிக்கொண்ட கடல். பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. தெற்கே ராமேசுவரமும் மணல் திட்டுகளும், கிழக்கே இலங்கையும் அணைத்து நிற்பதால் பெருங்கடலின் முரட்டுத்தனம் உள்ளே வருவதில்லை. ராமேசுவரம் பக்கத்தில் இதைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டைப் புதுக்கோட்டைக் கரை படாமல் போனதற்கு இலங்கை குறுக்கே நின்றதுதான் காரணம். சோளகக் காற்றுக் காலத்தில் இந்தக் கரை சாதுவாக இருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால் சாதுவுக்கும் கோபம் வரும்.

கட்டுமாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை கடலை ஒட்டியும் ஒட்டாமலும் தெற்கே இறங்குகிறது. கிருஷ்ணாஜிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று வழியெல்லாம் பட்டினங்கள். பெயரில்தான் பட்டினம், பார்த்தால் ஒரு பள்ளிவாசல் மினார், ஒரு கோயில், ஒரு சர்ச், நான்கு டீக்கடை, பிறகு தென்னை. இந்தக் கரையில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கடலுக்குப் போகிறார்கள். கோட்டைப்பட்டினம் ராவுத்தர் அப்பா தர்காவுக்கு எல்லா ஊர்க்காரர்களும் வருகிறார்கள்.

வழியில் மணமேல்குடியில் இறங்கினேன். அங்கே ஒரு கோடியக்கரை இருக்கிறது. வேதாரண்யத்துக் கோடியக்கரை அல்ல, இது இன்னொன்று. அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் வரும்; மற்ற நாட்களில் நாய்கூட இல்லை. பழைய நாளில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்று சொல்லப்பட்ட தெற்கு வெள்ளாறு இந்தப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது. எல்லைக்காக வெட்டிக்கொண்டு செத்த சைனியங்களை நினைத்தால், இத்தனை தேமேயென்று இருக்கும் தண்ணீருக்கா என்று தோன்றும்.

கரை நெடுகப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குனிந்து எடுத்துப் பார்த்தால் நாடா போன்ற இலைகள், சில இடங்களில் கணு கணுவாக வேர். இது பாசி அல்ல, கடற்புல். நெல்லைப்போல, அறுகைப்போல வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். வளர்வது மட்டும் கடலுக்கடியில். வெயில் தரைவரை எட்டும் ஆழமில்லாத கடலில்தான் அது பிழைக்கும். பாக் விரிகுடா அதற்கென்றே அமைந்த வயல். கரீபியக் கடலில் ஆமைகள் மேயும் கடற்புல்லும் இங்கே வளரும் ஒரு வகைக் கடற்புல்லும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

அந்த வயலில் மேய வருவது ஆவுளியா. கடல்பசு என்று பத்திரிகைகள் எழுதும். மூன்று மீட்டர் நீளம், முன்னூறு நானூறு கிலோ எடை. நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். மீனல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி போடும் என்பதால், ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் ஆகும். இந்தியா முழுவதும் சேர்த்தே 240 அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்று அரசு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நம் கரையோரம். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். புதுக்கோட்டைக் குடும்பத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் வந்து சேர்ந்த கடலுக்கு இப்படியொரு பெருமை கிடைத்ததை ஊருக்குள் யாரும் பேசிக் கேட்கவில்லை.

இந்த ஆவுளியாவுக்குக் கரீபியனில் ஒரு பங்காளி உண்டு, மானட்டீ என்பார்கள். 1493 ஜனவரியில் இன்றைய ஹைட்டி, டொமினிகன் குடியரசு இருக்கும் தீவை ஒட்டிப் போனபோது, கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகக் குறித்து வைத்தார். படத்தில் வரைவதுபோல அத்தனை அழகில்லை என்றும் சலித்துக்கொண்டார். அவர் கண்டது மானட்டீயாகத்தான் இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தவன் கண்ணுக்கு எதுவும் கன்னியாகத் தெரியும். நம் மீனவர்களுக்கு அந்த மயக்கம் இல்லை. முன்பு ஆவுளியாவைப் பிடித்துக் கறி பங்கு போட்டதைப் பெரியவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். இப்போது வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். வனத்துறை அதற்குப் பரிசும் கொடுக்கிறது. ஒரு வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அறுப்பின் அருமை புரியும்.

கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இந்தக் கரையின் விசைப்படகுத் துறைகள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு. மற்ற நாள் நாட்டுப்படகு. விசைப்படகு போன மறுநாள் விடியற்காலை துறையில் நின்றால் அதுதான் காட்சி. இருட்டிலேயே ஒவ்வொரு படகாக வந்து அணைகிறது. மேலே நிற்பவர்களின் கண்கள் சிவந்திருக்கின்றன. கூடைகள் கைமாறிக் கைமாறிக் கரைக்கு வருகின்றன. ஏலம் விடுகிறவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று விலையைப் பாட்டாகவே பாடுகிறார். யார் கையசைத்தார்கள், யாருக்குப் படிந்தது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இறாலுக்கும் கணவாய்க்கும் போட்டி. சின்ன மீனைத் தனியாகக் குவிக்கிறார்கள். அது கருவாட்டுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும்.

சற்றுத் தள்ளி நாட்டுப்படகுக்காரர்களின் இடம். அங்கே ஓர் அக்கா நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலக்கால் நண்டு. வலைக்கண்ணியில் பத்துக் காலும் பின்னிக்கொண்டு கிடக்கிறது. முதலில் ஓட்டின் இரு முனை முள்ளை விடுவிக்கிறார், பிறகு கடைசி ஜோடித் துடுப்புக்காலை மடக்கி வெளியே இழுக்கிறார், கொடுக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மற்ற கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். ஒரு நண்டுக்கு அரை நிமிஷம் ஆகாது. கால் ஒடிந்தால் என்ன என்று கேட்டேன்.

“ஒடிஞ்சா வெல கொறச்சிருவாக. உசுரா இருந்தா ஒரு வெல, செத்துச்சுன்னா ஒரு வெல.” பேசும்போதும் கை நிற்கவில்லை. “ஆமா, நீங்க டூரா வந்தீக? இங்க என்ன இருக்குன்னு வந்தீக?”

இந்த நண்டின் சதை வேகவைத்து, உரித்து, டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிறது. மயாமியில் கப்பலேறிக் கரீபியத் தீவுகளுக்கு விடுமுறை போகிற ஒரு குடும்பத்தின் தட்டில் இருப்பது இந்த அக்கா கழற்றிய நண்டாகவே இருக்கலாம். கரீபியன் என்றால் என்ன என்று அவர் கேட்டபோது விளக்கத் தடுமாறினேன். பக்கத்தில் நின்ற பையன் உதவிக்கு வந்தான். “கிறிஸ் கெயில் ஊரும்மா, வெஸ்ட் இண்டீஸ்.” அவருக்கு அதுவும் விளங்கவில்லை, கவலைப்படவும் இல்லை.

வெஸ்ட் இண்டீஸுக்கு நம்மவர்கள் விடுமுறைக்குப் போகவில்லை. கரும்பு வெட்டப் போனார்கள். அடிமை முறை ஒழிந்தபின் ஆள் இல்லாமல் தவித்த பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853இல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேர் அளவில் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். அப்படிப் போனவர்களின் பிள்ளை ஹென்றி சிதம்பரம். 1863இல் குவாதலூப்பில் பிறந்தவர். இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய போராட்டத்தை 1923இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும்வரை விடாமல் நடத்தினார். அந்தத் தீவில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, கிடா வெட்டு நடக்கிறது. பூசையில் ஓதும் தமிழுக்குப் பொருள் தெரிந்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள். சுற்றுலாப் படங்களில் நீலக் கடலும் நாற்காலியும் இருக்கும், சிதம்பரம் இருக்க மாட்டார்.

அழகான கடலெல்லாம் யாரோ ஒருவருக்குப் பிழைப்பு என்பதை ஜெகதாப்பட்டினத்தில் நின்றால் மறக்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்த அதே 1974இல், ஜூன் மாதத்தில்தான் இந்தியாவும் இலங்கையும் பாக் விரிகுடாவில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டன; கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. தண்ணீர் மேல் கோடு தெரிவதில்லை. இந்த இரண்டு துறைகளிலிருந்தும் போன படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்தது என்ற செய்தி வருடத்தில் எத்தனை முறை வருகிறது என்று பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வடமாகாண மீனவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் விசைப்படகின் இழுவை மடி அவர்கள் வலையையும் கடல் தரையையும் வாரிக்கொண்டு போகிறது என்பது அவர்கள் புகார். அவர்களும் தமிழர்கள்தாம். இழுவை மடி கடற்புல்லையும் சேர்த்துத்தான் வாருகிறது என்பதை ஜெகதாப்பட்டினத்து நாட்டுப்படகுக்காரர்களே சொல்கிறார்கள். விசைப்படகுக்காரர் காதில் விழாத தூரத்தில்தான் சொல்கிறார்கள்.

மீமிசலை நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் இறால் பண்ணைகள். சதுரம் சதுரமாகக் கரை கட்டிய குட்டைகள், காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்கள், பறவை வராமலிருக்க மேலே கட்டிய நூல்கள். காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டது. பிறகு சட்டங்கள் மாறின, உரிம முறை வந்தது, இறால் வகையும் மாறியது. குட்டைகள் இருக்கின்றன. நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது என்று பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது என்று சொல்கிறவர்களும் அதே கிராமத்தில் இருக்கிறார்கள். கை படாத கரை என்று எதுவும் இல்லை. கரீபியனில் மட்டும் என்ன? 2011க்குப் பிறகு சர்காசம் என்ற கடற்பாசி மலை மலையாக ஒதுங்கி நாற, விடுதிக்காரர்கள் அதை அள்ளிக் கொட்டவே தனிச் செலவு செய்கிறார்கள்.

மீமிசல் தாண்டி முத்துக்குடா. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போகலாம். ஊர் முடிகிற இடத்தில் அலையாத்திக் காடு தொடங்குகிறது. குட்டிப் பிச்சாவரம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. பிச்சாவரத்தின் கூட்டத்தையும் டிக்கெட் வரிசையையும் பார்த்தவர்கள் முத்துக்குடாவை அதன் குட்டி என்று சொல்ல மாட்டார்கள். சுற்றுலாத் துறை படகுச் சவாரிக்கு ஏற்பாடு செய்ய முனைந்த இடம் இது. நான் போன அன்று ஒரு ஃபைபர் படகும், அதை ஓட்டும் பெரியவரும், நானும்தான்.

இன்ஜினைக் கொஞ்ச தூரத்திலேயே அணைத்துவிட்டுக் கம்பால் ஊன்றித் தள்ளினார். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். மர அடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் கனத்தில் ஆயிரக்கணக்கான வேர்கள் நெட்டுக்குத்தாக மேல்நோக்கி நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. வேர்களுக்கிடையே நண்டுக் குஞ்சுகள் வளைக்குள் ஓடுவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தன. சேற்றில் தத்தித் தத்திப் போகும் ஒரு மீனைக் காட்டினார். பிறகு ஒரு கிளையை வளைத்து, “எலைய நக்கிப் பாருங்க தம்பி” என்றார். நக்கினேன். சுள்ளென்று உப்பு. வேர் உறிஞ்சும் கடல்நீரில் மிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. காய்ந்த நாளில் இலைமேல் பொடிப் பொடியாகப் படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

“கஜா அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கய்யா?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடத்துல. படக எல்லாம் இந்த மரத்துக்குள்ள கொண்டாந்து கட்டிப் போட்டாக சில பேரு. கட்டுனவுக படகு கொஞ்சமாச்சும் தப்புச்சு.”

2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சையையும் புதுக்கோட்டையையும் குறுக்கே உழுதுகொண்டு போனது. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. கடலோரப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் இர்மா புயல் பார்புடாவை இதேபோல் துடைத்தது. தீவில் இருந்த அத்தனை பேரையும் பக்கத்துத் தீவுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே நிலம் தனி ஆளுக்குச் சொந்தமல்ல; ஊர் மொத்தத்துக்கும் பொது என்பது அடிமைக் காலத்துக்குப் பின் நிலைத்த வழக்கம், 2007இல் சட்டமாகவும் ஆனது. புயலுக்குப்பின் மக்கள் வீடு திரும்பி முடிப்பதற்குள் அந்தச் சட்டத்தை அரசு மாற்றியது. ஆடம்பர விடுதிகளுக்கு வழிவிடத்தான் மாற்றினார்கள் என்று பார்புடா மக்கள் வழக்காடினார்கள். ஆள்படாத தீவு என்று விளம்பரத்தில் வருவது பல நேரம் ஆளை அகற்றிய தீவு.

முத்துக்குடாவுக்கு அந்த நிலை வராது என்று உறுதி சொல்ல முடியாது. அழகு என்று நாலு பேர் சொல்லத் தொடங்கினால் ஐந்தாவது ஆள் நிலம் விலை கேட்டு வருவான். ஆனால் வேறொரு வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு என்ற மீனவ ஊர். அங்கே வனத்துறை உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறது. படகை ஓட்டுவதும் அந்த ஊர்க்காரர், மீனும் நண்டும் சமைத்துப் போடுவதும் அந்த ஊர்ப் பெண்கள். காட்டை வெட்டினால் தங்கள் வருமானம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வெட்டுவதில்லை, பிறரை வெட்ட விடுவதுமில்லை.

திரும்பும்போது மீமிசலிலிருந்து உள்நாட்டுச் சாலையைப் பிடித்தால் ஆவுடையார்கோயில். பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தோடு, கடல் வழியாக வரும் குதிரைகளை வாங்கக் கிளம்பிய அமைச்சர் திருவாதவூரர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து, பணத்தைக் கோயில் கட்டச் செலவழித்து மாணிக்கவாசகர் ஆனார் என்பது தலபுராணம். ஆபீஸ் வேலையாகக் கடற்கரைக்கு வந்தவர் ஆபீஸையே மறந்ததற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் கிடைக்குமா தெரியவில்லை. கருவறையில் லிங்கம் இல்லை, நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கக் கல்மேடையில் கொட்டிப் படைக்கிறார்கள். அந்த ஆவிதான் நிவேதனம். கூரையோரக் கல் கொடுங்கையில் மெல்லிய மரச்சட்டங்கள்போலவும் ஆணிகள்போலவும் செதுக்கியிருப்பதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. எல்லாம் கல் என்று தட்டிப் பார்க்க எட்டாத உயரத்தில் இருப்பதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலம் சப்பென்று இருக்கும். கடலோரத்தில் நல்ல விடுதி என்று தேட வேண்டாம். அறந்தாங்கியில் தங்கிக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். ஏலம் பார்க்கும்போது வழியில் நிற்காதீர்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அது அவர்களுக்கு வேலை நேரம். மீனைக் கரையிலேயே நாட்டுப்படகுக்காரரிடம் வாங்குங்கள், சினை நண்டை மட்டும் வாங்காதீர்கள். வாங்கினால்தான் பிடிப்பார்கள்.

அரசாங்கத்திடம் கேட்க இரண்டே விஷயங்கள். மணமேல்குடியிலும் முத்துக்குடாவிலும் பெண்கள் போகக்கூடிய கழிப்பறை ஒன்று கட்டித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படகுச் சவாரியை வெளியூர் ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விடாமல், காரங்காட்டில் செய்ததுபோல அந்த ஊர் மீனவர்களிடமே கொடுங்கள்.